பெல்ட் மேக்னம் கூடு சேம்பரில் இறுகினால்: என் அனுபவம்

.300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவின் பித்தளைக் கூட்டில், அடிப்பக்கம் பெல்ட் போல ஒரு தடித்த வளையம் இருக்கும். என் ரைஃபிளில் புதுத் தோட்டாக்கள் சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறை) வழுக்கிக்கொண்டு போகும். சுட்ட கூட்டையே வெடிமருந்தும் குண்டும் வைத்துச் சில முறை நிரப்பிய பிறகு மட்டும் போல்ட் (சேம்பரை மூடும் தாழ்) கைப்பிடியை இறக்கவே பலம் தேவைப்பட்டது. டையை (சுட்ட கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) இன்னும் கீழே இறக்கு, தோள் (கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு) பின்னுக்குப் போகும் என்பார்கள். அது பாதி உண்மை. அளவுக்கு மீறித் தோளைத் தள்ளினால், சுடும்போது கூடு நீண்டு பெல்ட்டுக்கு மேலே விரிசல் விடும்.

காலிக் கூடு ஒன்றில் மார்க்கர் மை பூசி சேம்பரில் விட்டு எடுத்தேன். தோளில் மை அப்படியே இருந்தது. பெல்ட்டுக்குச் சற்று மேலே மட்டும் பளபளவென்று ஒரு வளையம். காலிப்பர் வைத்துப் பார்த்தால், புதுக் கூட்டைவிட அங்கேதான் விட்டம் அதிகம். சாதாரண முழுநீள டை அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் அங்கே வீக்கம் சேர்ந்துகொண்டே போகும்.

பெல்ட் கூடுகளுக்கென்றே வரும் காலெட் டையில் (கூட்டைச் சுற்றிப் பிடித்து இறுக்கும் வளையம் கொண்டது) அழுத்தியதும் வீக்கம் அடங்கியது, போல்ட் விரலால் மூடியது. தோளை இப்போது 0.002 அங்குலம் மட்டுமே தள்ளுகிறேன்.

சுட்டதும் கூடு வெளியே வராமல் இறுகி, பிரைமரும் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகியிருந்தால் அது வேறு கதை: அழுத்தம் அதிகம். டையை விட்டுவிட்டு மருந்தைக் குறையுங்கள்.