குறி இல்லாத அரபு படிக்க வந்த கதை

கல்லூரியில் மொழிப்பாடம் அரபு. குர்ஆன் சின்ன வயதிலிருந்தே ஓதுகிறேன். அதில் குறிகள் எல்லாம் இருக்கும். செய்தித்தாளில் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்னும் அ, இ, உ ஒலிக் குறிகள் எதுவும் கிடையாது. குறில் ஒலியை நாமே ஊகிக்க வேண்டும். முழி பிதுங்கியது.

கைகொடுத்தவை வார்ப்புகள், அதாவது வேரெழுத்துகளைப் பொருத்திச் சொல் ஆக்கும் அச்சுகள். மூன்றெழுத்து வேர் ‘மஃப்அல்’ வார்ப்பில் வந்தால் பெரும்பாலும் இடத்தைக் குறிக்கும்: மக்தப் அலுவலகம், மத்பக் சமையலறை, மல்அப் மைதானம். வார்ப்பு பிடிபட்டால் வாய் தானாகப் படிக்கும்.

பயிற்சிக்கு, குறி போட்ட பத்தியை ஜெராக்ஸ் எடுத்து, பழையபேட்டை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒயிட்னரால் குறிகளை மட்டும் அழிப்பேன். எழுத்தின் புள்ளியில் பட்டால் போச்சு, பா, தா என்ற இரண்டு எழுத்தும் ஒன்றாகிவிடும். காய்ந்ததும் மறுநாள் பென்சிலால் குறி போட்டு மூலத்தோடு ஒப்பிடுவேன். கடைசி எழுத்தின் குறிதான் ரொம்ப நாள் படுத்தியது. அது வேற்றுமைக்கேற்ப மாறும். வார்ப்பு உதவாது, இலக்கணம்தான் கதி.

கிருஷ்ணகிரியில் உருது பேசும் தோழிகளுக்குக் குறைவில்லை. உருதுவுக்கும் அரபு வழி வந்த எழுத்துதான்; எழுத்துக்கு அவர்களிடம் போகலாம், உச்சரிப்புக்கு வேண்டாம். ‘ளாத்’ என்ற அரபு எழுத்து அவர்கள் வாயில் ‘ஜ்வாத்’. உச்சரிப்புக்கு அரபுச் செய்தி வாசிப்பைக் கேட்டுக் கூடவே சொல்லிப் பார்த்தேன்.