பி.டி. சார் ஆக வேண்டுமா? பி.பி.எட். சேருவதற்கு முன்பும் சேர்ந்த பிறகும்

பள்ளி டீமில் கபடி ஆடியவர்கள், காலேஜில் வாலிபால் ஆடியவர்கள், டிகிரி முடிகிற நேரத்தில் "பேசாமல் பி.டி. சார் ஆகிவிடலாமே" என்று யோசிப்பது சகஜம். தாராளமாக ஆகலாம். ஆனால் நீங்கள் நன்றாக ஆடுவது வேறு, ஆட்டம் என்றாலே மரத்தடியில் ஒதுங்குகிற ஒன்பதாம் வகுப்புப் பையனையும் சேர்த்து நாற்பது பேரை ஒரு பீரியட் முழுக்க ஓட வைப்பது வேறு. படிக்கப் போவது இந்த இரண்டாவது வேலையை என்று மனதில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

எந்த வகுப்புக்கு என்ன படிப்பு என்பதில் பலருக்குக் குழப்பம். என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில்) 2014-ல் போட்ட விதிமுறைப்படி, சின்னப் பிள்ளைகளுக்கு டி.பி.எட். என்ற உடற்கல்வி டிப்ளமா, ஆறு முதல் பத்து வரை பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம், பிளஸ் ஒன் பிளஸ் டூவுக்கு எம்.பி.எட். என்ற முதுகலைப் பட்டம். பி.பி.எட். இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். முன்பு அது ஒரே வருடம்தான், அதனால் பழைய சீனியர்கள் சொல்கிற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏதாவது ஒரு டிகிரியில் 50 சதவீதமும், குறைந்தபட்சம் பள்ளி, மாவட்டம், கல்லூரிகளுக்கு இடையே என்று ஏதோ ஒரு மட்டத்தில் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பி.பி.இ.எஸ். மாதிரி உடற்கல்வியிலேயே டிகிரி வாங்கியிருந்தால் 45 போதும். குறுவட்டப் போட்டியில் கொடுத்த கசங்கிய சர்டிபிகேட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

கல்லூரி என்றால், 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. எல்லாருக்கும் தெரியும். மேலக்கோட்டையூரில் 2005-லிருந்து தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா, பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷனின் மாருதி, திருச்செந்தூரில் சிவந்தி ஆதித்தனார் என்று ஊர் ஊருக்கு இருக்கின்றன. சேருவதற்கு முன் என்.சி.டி.இ. அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு சாதாரண நாளில் காலை ஆறு மணிக்கு அந்த மைதானத்துக்குப் போய் நில்லுங்கள். மாணவர்கள் வியர்வையோடு ஓடிக்கொண்டிருந்தால் நல்ல கல்லூரி. புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, "வராவிட்டாலும் பரவாயில்லை, பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று ஆபீஸில் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். அங்கே கிடைக்கிற பட்டத்தை வைத்துக்கொண்டு முப்பது பிள்ளைகள் முன்னால் நிற்க முடியாது.

சேர்க்கையில் சர்டிபிகேட்டோடு உடல்திறன் தேர்வும் பெரும்பாலும் இருக்கும். ஓட்டம், தாண்டுதல், எறிதல், உங்கள் ஆட்டத்தில் திறமை என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இரண்டு மூன்று மாதம் முன்பே ஓட ஆரம்பியுங்கள், கடைசி வாரத்தில் ஆரம்பித்தால் தொடைத் தசை பிடித்துக்கொண்டு நொண்டியபடிதான் தேர்வுக்குப் போவீர்கள்.

சேர்ந்த பிறகு பலரும் அலட்சியம் செய்வது கிரவுண்ட் மார்க்கிங். வேலைக்குப் போன முதல் வருடமே ஸ்போர்ட்ஸ் டே வரும், ஸ்டீல் டேப்பும் சுண்ணாம்புத் தூளும் உங்கள் கையில்தான் இருக்கும். வாலிபால் கோர்ட் 18-க்கு 9 மீட்டர், அது யாருக்கும் தெரியும். மூலை சதுரமாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? கயிற்றில் 3, 4, 5 மீட்டர் முக்கோணம் கட்டி மூலையைப் பிடியுங்கள், போட்டு முடித்ததும் குறுக்கே அளந்தால் இரண்டு பக்கமும் 20.12 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் கோர்ட் சாய்ந்திருக்கிறது, அழித்துவிட்டுப் போடுங்கள். டிராக்கில் ஸ்டேகர் கணக்கு, அதாவது வெளி லேனில் ஓடுகிறவர் கூடுதல் தூரம் ஓடாதபடி அவர் தொடங்கும் கோட்டை முன்னால் தள்ளிப் போடுவது, இன்னும் முக்கியம். லேன் அகலம் 1.22 மீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு ஒவ்வொரு லேனும் தனக்கு உள்பக்கம் இருக்கும் லேனைவிட 7.67 மீட்டர் முன்னால் தொடங்க வேண்டும், டிராக் 400 மீட்டரா 200 மீட்டரா என்பது பற்றிக் கவலையே வேண்டாம், இரண்டுக்கும் அதே அளவுதான். உள்விளிம்பில் கட்டை வைத்த டிராக்கில் மட்டும் முதல் லேனை 30 சென்டிமீட்டர் தள்ளியும் மற்றவற்றை 20 தள்ளியும் அளப்பதால் இரண்டாவது லேனுக்கு 7.04 வரும். நம் பள்ளிகளில் இருப்பது வெறும் சுண்ணாம்புக் கோடு, அங்கே எல்லா லேனுக்கும் 20-தான், ஆகவே எல்லாமே 7.67. இதைத் தப்பாகப் போட்டால் மூன்றாவது லேன் பிள்ளையின் அப்பா உங்களைச் சும்மா விடமாட்டார்.

அடுத்தது டீச்சிங் பிராக்டிஸ். லெசன் பிளான் நோட்டை அழகாக எழுதி மார்க் வாங்குவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். வார்ம்-அப், முக்கியப் பகுதி, விளையாட்டு, கடைசியில் அசெம்பிளி என்ற அந்த வரிசை நல்லதுதான், ஆனால் ஒரே பந்து இருக்கிற பள்ளியில் வரிசையில் நிற்கவிட்டால் ஒரு பிள்ளைக்குப் பந்து இரண்டு தடவைகூடக் கிடைக்காது. பிளானை எழுதும்போதே "இந்த நிமிடத்தில் எத்தனை பேர் சும்மா நிற்கிறார்கள்?" என்று ஓரத்தில் குறித்துப் பழகுங்கள். நாலு மூலையில் நாலு வேலை வைத்து, ஒரு மூலைக்கு மட்டும் பந்து கொடுத்து, விசில் அடித்தால் மாறச் சொல்லுங்கள். பந்தே வேண்டாத கோ-கோ, ரிலே எல்லாம் இதற்குக் கைகொடுக்கும்.

பெரிய பிள்ளைகள் விஷயம் தனி. ஒரே வகுப்பில் மீசை முளைத்தவனும் இருப்பான், ஐந்தாம் வகுப்புப் பையன் போல இருப்பவனும் இருப்பான், இருவரையும் ஒரே குண்டு எறிய வைப்பது அநியாயம். பெண் பிள்ளைகள் "சார், இன்னைக்கு முடியாது" என்றால் காரணம் கேட்டுக் குடையாதீர்கள், ஸ்கோர் எழுதவோ நேரம் பார்க்கவோ கொடுங்கள். ஜிம்னாஸ்டிக்ஸில் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் எங்கே பிடிக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் பிடியுங்கள், முடிந்தவரை தோழிகளையே பிடிக்கப் பழக்குங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தையும் ஒருமுறை படித்து வைப்பது நல்லது.

வெயிலில் மயங்கி விழுகிற பிள்ளைக்கு என்ன செய்வது, மூச்சு நின்றால் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை எப்படி நெஞ்சை அழுத்துவது, இதெல்லாம் புத்தகத்தில் படித்தால் போதாது, பொம்மை வைத்துச் செய்து பாருங்கள்.

பள்ளியில் உங்களைக் கம்பு பிடிக்கிற ஆளாக மாற்றப் பார்ப்பார்கள். லேட்டாக வந்தவன், முடி வெட்டாதவன் எல்லாரும் உங்களிடம் அனுப்பப்படுவார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதைத் தடை செய்கிறது. அது இல்லாவிட்டாலும், காலையில் உங்களிடம் அடி வாங்கியவன் சாயங்காலம் உங்களை நம்பி ஹை ஜம்ப் தாண்ட மாட்டான். பத்தாம் வகுப்பு பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்பார், அது வேறு தலைவலி. வருட ஆரம்பத்திலேயே ஹெச்.எம். முன்னால் டைம்டேபிளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரியில் சண்டை போட்டுப் பயனில்லை.

படிக்கும்போதே ஏதாவது ஒரு ஆட்டத்தில் ரெஃப்ரி தேர்வு எழுதிவிடுங்கள். குறுவட்டப் போட்டிகளுக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும், பக்கத்துப் பள்ளி பி.டி. சார்களோடு பழக்கமும் அங்கேதான் உண்டாகும், தனியார் பள்ளிகளில் எங்கே இடம் காலி என்பதும் அவர்கள் மூலமாகத்தான் முதலில் தெரியவரும். அரசு வேலை டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழியாக. மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி இயக்குநர் நிலை 1 பணிக்கு எம்.பி.எட். வேண்டும், முதுகலை ஆசிரியர் தேர்வோடு சேர்த்தே அறிவிப்பார்கள். கல்லூரிக்குப் போக நினைத்தால் எம்.பி.எட். முடித்து நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு.