கிரில் சாவி எங்கே தொங்குகிறது?

2017 நவம்பர் 4, சனிக்கிழமை ராத்திரி. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜாலான் பி. ரம்லி பக்கம் எங்கள் வீட்டு வரிசையில் தண்ணீர் முட்டியைத் தாண்டிய பிறகுதான் ஏழாம் நம்பர் ஆச்சியின் ஞாபகம் வந்தது. மகன் வந்து கூட்டிப்போயிருப்பான் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டோம். இருட்டில் போய்த் தட்டினால் உள்ளேயிருந்து குரல் வருகிறது. வாசல் இரும்புக் கிரில்லில் பூட்டு. சாவி எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. உடைத்து எடுப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது. அந்த மழையில் மாநிலத்தில் 7 பேர் இறந்தார்கள், ஆச்சி தப்பித்தார்.

அப்புறம்தான் 14 வீட்டுக்கும் ஒரு நோட்டு போட்டேன். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். வீடு வீடாகப் போய், சீன அங்கிள், மலாய் மாக்சிக் (அத்தை) யாரையும் விடாமல் கேளுங்கள்: நடக்க முடியாதவர் யார்? டயாலிசிஸ் என்றைக்கு? இன்சுலின் ஐஸ்பெட்டியில் இருக்கிறதா? ராத்திரி ஷிப்ட் போனால் பிள்ளைகளோடு யார்? முக்கியமாக, கிரில் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது? இரண்டாவது சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். கொடுக்கத் தயங்குவார்கள், வற்புறுத்தாதீர்கள். இரண்டு மழை போனால் அவர்களே கொண்டுவருவார்கள்.

அடுத்து, யார் கதவை யார் தட்டுவது என்று பெயர் போட்டு எழுதுங்கள். வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் சார்ஜில் கிடக்கும், ஆள் தூக்கத்தில் இருப்பார்.

எப்போது தட்டுவது? தினசரிக் காலண்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறும். அந்த நேரம் கனமழை பிடித்தால் சுங்கை பினாங் ஆற்றுத் தண்ணீரைக் கடல் வாங்காது. 2017-இல் அன்றைக்குப் பௌர்ணமிதான். வடிகால் இலாகாவின் இன்ஃபோ பஞ்சிர் என்ற வெள்ளத் தகவல் இணையப் பக்கத்தில் ஆற்றின் மட்டமும் தெரியும். ஆனால் எங்களுக்கு அதைவிட உதவுவது லோங்காங் (சாக்கடை) சுவரில் அடித்த இரண்டு கோடுகள். மஞ்சளைத் தொட்டால் காரை மேட்டுக்குக் கொண்டுபோவோம், ஐசியையும் (அடையாள அட்டை) மருந்தையும் பிளாஸ்டிக் பையில் போடுவோம், கேஸ் தோம்பை (சிலிண்டர்) மூடிக் கட்டுவோம், மெயின் சுவிட்சை அடைப்போம். காலடியில் ஈரம் வந்துவிட்டால் சுவிட்ச் பக்கமே போகக் கூடாது. சிவப்பைத் தொட்டால் முதலில் ஆட்கள், சாமான் அப்புறம். முடியாவிட்டால் 999.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பாருங்கள், சிரித்தாலும் பரவாயில்லை. ஆச்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கிப் பார்த்தோம். நாலடி போவதற்குள் நாற்காலியின் கால் மடங்கிவிட்டது. இப்போது கைப்பிடி வைத்த மரநாற்காலி, இடுப்புக்கு ஒரு பழைய புடவைக் கட்டு. அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது: மூன்று வீட்டுச் சாவி துருப்பிடித்துத் திரும்பவே இல்லை.

நோட்டை வருஷம் ஒரு தடவை, தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போகும்போதே திருத்திவிடுகிறேன். ஒன்பதாம் நம்பருக்குப் புதுக் குடித்தனம் வந்திருக்கிறது, கைக்குழந்தையோடு. நாளைக்கு முறுக்கோடு போகவேண்டும்.