பூல் டோர்னமென்ட்ல பேர் கொடுக்கறதுக்கு முன்னாடி யார் அனுமதியில நடக்குதுன்னு பாக்கறது எப்படி

பூல்ங்கிறது டேபிள்ல கியூங்கற குச்சியால பால தட்டி குழியில தள்ளற ஆட்டம். வாட்ஸ்அப்ல ஒரு பூல் டோர்னமென்ட் போஸ்டர் வரும், பெரிய பிரைஸ் மணி, நல்ல டேபிள், வெளிநாட்டு பிளேயர்ஸ் வராங்கன்னு போட்டிருக்கும், என்ட்ரி கட்டலாம்னு போனை எடுக்கறப்பவே கிளப்ல ஒருத்தர் வந்து "அதுல ஆடாத தம்பி, ஃபெடரேஷன் பேன் பண்ணிடும்"னு சொல்லிட்டு போயிடுவாரு. எந்த ஃபெடரேஷன், எந்த ரூல், எத்தன மாசத்துக்குன்னு திருப்பி கேட்டா அவருக்கும் தெரியாது. இப்படி பயந்துக்கிட்டு நல்லா ஆடற பசங்க வீட்ல உக்காந்தத பாத்து மனசு வெறுத்துப் போய்தான் இத எழுதறேன்.

முதல்ல ஒரு பேப்பர் எடுத்து நடுவுல ஒரு கோடு போடுங்க. இந்தப் பக்கம் பட்டத்தோட பேர வச்சிருக்கறவங்க, அந்தப் பக்கம் காசு வச்சிருக்கறவங்க. பூல்ல வர்ற முக்காவாசி சண்டை இந்த கோட்டு மேலதான் நடக்குது.

பேர் வச்சிருக்கற பக்கத்துல உச்சியில டபிள்யூபிஏ, உலக பூல் சங்கம். 1992ல உருவான டபிள்யூசிபிஎஸ்னு ஒரு பெரிய கூட்டமைப்புக்குள்ள பூலுக்குன்னு இருக்கற பிரிவு அது, குழியில்லாத டேபிள்ல ஆடற கேரம் பில்லியர்ட்ஸும் ஸ்நூக்கரும் அதே கூட்டமைப்புல வேற பிரிவுங்க. 1998ல ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரம் குடுத்தது அந்த கூட்டமைப்புக்குத்தான். டபிள்யூபிஏவுக்கு கீழ கண்டம் வாரியா சங்கங்க, ஆசியாவுக்கு ஏசிபிஎஸ், ஐரோப்பாவுக்கு ஈபிபிஎஃப், வட அமெரிக்காவுக்கு பல வருஷமா பிசிஏ. இந்த பிசிஏ அடிப்படையில டேபிள், கியூ தயாரிக்கறவங்க விக்கறவங்களோட வியாபார சங்கம், பிளேயர்ஸ் சேந்து ஆரம்பிச்சது இல்ல, அமெரிக்க வீரருங்க "எங்களுக்காக பேச ஆளே இல்ல"ன்னு சொல்றதோட வேர் இங்கதான் இருக்குன்னு எனக்கு தோணுது. நம்ம நாட்டுல பிஎஸ்எஃப்ஐ, ஸ்நூக்கர் பில்லியர்ட்ஸ் பூல் மூணுக்கும் சேத்து ஒரே சங்கம், அதுக்கு கீழ மாநில சங்கங்க.

காசு பக்கத்துல பெரிய பேரு இங்கிலாந்து மேட்ச்ரூம், பேரி ஹெர்ன் ஆரம்பிச்ச கம்பெனி. 1994ல இருந்து ஐரோப்பா டீமும் அமெரிக்கா டீமும் மோதற மொஸ்கோனி கப் நடத்தறாங்க, 9 பால்ங்கற பூல் வகையில நடக்கற யுஎஸ் ஓபன அத முன்னாடி நடத்திட்டிருந்த குடும்பத்துக்கிட்ட இருந்து வாங்கிட்டாங்க, 2023ல வேர்ல்ட் நைன்பால் டூர்னு தனி டூரே ஆரம்பிச்சாங்க. இன்னொரு பக்கம் கியூ தயாரிக்கற பிரடேட்டர் கம்பெனி தனியா ஒரு சீரிஸ் நடத்துது, அது டபிள்யூபிஏவோட சேந்து போகுது. அதனால சங்கம் ஒரு பக்கம் வியாபாரம் ஒரு பக்கம்னு மட்டும் பாத்தா பாதிதான் புரியும், வியாபாரத்துக்கும் வியாபாரத்துக்கும் நடக்கற போட்டியும் உள்ள இருக்கு.

இப்போ போஸ்டர எடுங்க. "உலக சாம்பியன்ஷிப்"னு போட்டிருந்தா அந்த பேர யார் குடுத்தாங்கன்னு பாருங்க. இதுக்கு 1999அ விட நல்ல உதாரணம் கிடையாது. அந்த வருஷம் மேட்ச்ரூம் கார்டிஃப்ல ஒரு உலகப் போட்டி நடத்துச்சு, பிலிப்பைன்ஸ் எஃப்ரன் ரெயெஸ் ஜெயிச்சாரு. அதே வருஷம் டபிள்யூபிஏ ஸ்பெயின்ல அலிகாண்டேல அவங்களோட உலகப் போட்டிய நடத்துச்சு, அமெரிக்கா நிக் வார்னர் ஜெயிச்சாரு. ஒரே ஆட்டத்துக்கு ஒரே வருஷத்துல ரெண்டு உலக சாம்பியன்! அப்புறமா ரெண்டு தரப்பும் சேந்துக்கிட்டாங்க, ரெயெஸ் பட்டத்தையும் டபிள்யூபிஏ பின்னாடி ஏத்துக்கிச்சு, இன்னிக்கு லிஸ்ட்ல 1999க்கு ரெண்டு பேருமே இருக்காங்க. அங்கீகாரம்ங்கிறது பேச்சுவார்த்தை முடிஞ்சதும் மாறக்கூடிய விஷயம், ஆனா கார்டிஃப்ல ரெயெஸ் அடிச்ச ஷாட் மாறாது. இது அனுமதி இல்லாத டோர்னமென்ட், இதுல ஜெயிச்சா மதிப்பே இல்லன்னு யாராவது சொன்னா இத ஞாபகம் வச்சுக்கோங்க.

"ஓபன்"னு மட்டும் போட்டிருந்தா அது யார் வேணா வைக்கற பேரு, அதுல ஒண்ணும் இல்ல. ரேங்கிங் பாயின்ட் உண்டுன்னு போட்டிருந்தா எந்த ரேங்கிங்னு கேளுங்க, டபிள்யூபிஏ லிஸ்ட் வேற, நைன்பால் டூர் லிஸ்ட் வேற. ரூலும் ஒருதடவ பாத்துக்கோங்க, மேட்ச்ரூம் போட்டியில ரேக்ல, அதாவது ஆரம்பத்துல பால அடுக்கறப்ப, 9ம் நம்பர் பால டேபிள்ல குறி போட்டிருக்கற ஸ்பாட்ல வைப்பாங்க, பழைய வழக்கப்படி 1ம் நம்பர்தான் ஸ்பாட்ல வரும், பிரேக், அதாவது முதல் அடி, மொத்தமா மாறிடும், அதுக்கு தனியா பழகணும்.

அடுத்தது அனுமதி, அதாவது சேங்ஷன். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. மேலோட்டமா பாத்தா ஈஸி, டோர்னமென்ட் நடத்தறவங்க சங்கத்துக்கு கட்டணம் கட்டி அனுமதி வாங்கணும், வாங்கலன்னா சங்கம் அத ஏத்துக்காது. பிரச்சனை என்னன்னா ஏத்துக்காம விடறதோட நிறுத்தாம அதுல ஆடின பிளேயர தண்டிக்கறாங்க. 2023ல மேட்ச்ரூம் ஹனோய் ஓபன ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஆசியாவுல இந்த பிரச்சனை பெருசா வெடிச்சுது, ஆசிய சங்கமும் டபிள்யூபிஏவும் அனுமதி இல்லாத போட்டியில ஆடறவங்களுக்கு தடை வரும்னு சொன்னாங்க. ஐரோப்பாக்காரனும் ஆசியாக்காரனும் ஒரே ஹால்ல ஆடறாங்க, ஆனா வீட்டுக்கு போனதும் ஆசியாக்காரனுக்குத்தான் நாட்டு சங்கம், சர்க்கார் உதவித்தொகை, சீ கேம்ஸ்ங்கற தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி டீம் எல்லாம் ஆபத்துல இருக்கு. சண்ட போடறது ரெண்டு ஆபீஸ், வயித்துல அடி வாங்கறது கியூ புடிச்சவன். இதுல எனக்கு ரெண்டு மனசே கிடையாது, சங்கத்துக்கும் டூருக்கும் நடக்கற தகராறுல பிளேயர ஆயுதமா எடுக்கறது தப்பு.

சரி, அப்படி ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் உங்களுக்கு வந்துச்சுன்னா எப்படி படிக்கறது? பதட்டப்படாம மூணு விஷயத்த தேடுங்க. எந்த விதிப்படி தண்டனைன்னு நம்பரோட எழுதியிருக்கா, அந்த விதி நீங்க பேர் கொடுக்கறதுக்கு முன்னாடியே வெளியாகி இருந்துச்சா, அப்பீல் எங்க பண்றதுன்னு சொல்லியிருக்கா. மூணும் இல்லன்னா அது வெறும் மிரட்டல் லெட்டர். இது நானா சொல்றது இல்ல. 2023 டிசம்பர் 21ல ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் ஐஸ் ஸ்கேட்டிங் உலக சங்கத்தோட கேஸ்ல, வெளி போட்டிக்கு அனுமதி குடுக்கற அதிகாரம், ஆடினா தடை பண்ற அதிகாரம் ரெண்டும் ஒரு சங்கத்துக்கிட்ட இருந்தா அதுக்கு வெளிப்படையான, பாரபட்சம் இல்லாத விதிமுறை கண்டிப்பா இருக்கணும்னு சொல்லிடுச்சு. அந்த கேஸ் ரெண்டு டச்சு ஸ்கேட்டருங்க போட்ட புகார்ல இருந்து ஆரம்பிச்சது.

நம்ம ஊர்ல அதுக்கும் முன்னாடியே நடந்திருக்கு. அனுமதி இல்லாத போட்டியில ஆடினாங்கன்னு செஸ் பிளேயருங்க சில பேர அகில இந்திய செஸ் ஃபெடரேஷன் ஒதுக்கி வச்சுது, அவங்க வியாபாரப் போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்கற இந்திய போட்டி ஆணையத்துக்கு, அதான் சிசிஐக்கு போனாங்க, 2018ல தீர்ப்பு அவங்க பக்கம் வந்து ஃபெடரேஷனுக்கு 6.92 லட்சம் ரூபா அபராதம் போட்டாங்க. பூலுக்கு இப்படி ஒரு தீர்ப்பு இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும். ஆனா செஸ்ல வந்த தீர்ப்ப ஒரு பூல் பிளேயர் தன்னோட லெட்டர்ல எடுத்து காட்டறதுக்கு எந்த தடையும் இல்ல. லோசான்ல இருக்கற விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போற மாதிரி இருந்தா சங்கத்தோட விதியில வேற கெடு சொல்லாதப்ப 21 நாள்தான் டைம், அதனால லெட்டர் கைக்கு வந்த தேதிய உடனே குறிச்சு வச்சுக்கோங்க.

இவ்ளோ சொன்னதால சங்கமே வேணாம்னு நெனச்சுடாதீங்க. காசு பக்கத்த மட்டும் நம்பினா என்ன ஆகும்ங்கறதுக்கு 2006 இருக்கு. கெவின் ட்ரூடோன்னு ஒருத்தர் ஐபிடின்னு ஒரு 8 பால் டூர் ஆரம்பிச்சு பூல் உலகமே பாக்காத காச காட்டினாரு. லாஸ் வேகாஸ்ல தோர்ஸ்டன் ஹோமன் 3,50,000 டாலர் ஜெயிச்சாரு, அடுத்து ரெனோல ரெயெஸ் 5,00,000 டாலர் ஜெயிச்சாரு. ரெனோ போட்டி முடிஞ்சப்புறம் டூர்கிட்ட காசு இல்ல, தவணையில தரோம்னு பிளேயர்ஸ்கிட்ட சொன்னாங்க, டூரும் படுத்துடுச்சு. 2011 யுஎஸ் ஓபன அமெரிக்க ப்ரோ பிளேயர்ஸ் சங்கம் புறக்கணிச்சதுக்கும் இதே கவலதான் காரணம், பிரைஸ் மணிய போட்டிக்கு முன்னாடியே மூணாவது ஆள்கிட்ட எஸ்க்ரோல போடுங்கன்னு கேட்டாங்க. கேட்டது நூத்துக்கு நூறு நியாயம். ஒரு சங்கம் அனுமதி கட்டணம் வாங்குதுன்னா அந்த காசுக்கு குறைஞ்சபட்சம் இந்த ஒரு வேலையாவது செய்யணும், பிரைஸ் மணி இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் கையெழுத்து போடணும். அதனால போஸ்டர்ல அனுமதி முத்திரை இருந்தாலும் இல்லன்னாலும் காசு எங்க இருக்கு, எத்தன நாள்ல வரும்னு நீங்களே கேளுங்க.

தனியா போனவங்க எல்லாரும் தோத்துட்டாங்கன்னும் இல்ல. அமெரிக்காவுல பெண்கள் சங்கம் டபிள்யூபிபிஏ 1993 வாக்குல ஆண்கள் டூர்ல இருந்து பிரிஞ்சு சொந்த டூர் நடத்துனாங்க, டிவியில ஆண்கள விட அவங்கதான் அதிகமா வந்தாங்க. அங்க முடிவெடுத்தது ஆடறவங்களே, நான் பாக்கற பெரிய வித்தியாசம் அதான்.

இன்னொரு கணக்கும் போட்டு பாருங்க, சங்கத்த பகைச்சுக்கிட்டா நீங்க நெஜமா என்ன இழப்பீங்க? ஏசியன் கேம்ஸ்ல கியூ ஸ்போர்ட்ஸ் 1998ல இருந்து 2010 வரைக்கும் இருந்துச்சு, 2014லயும் அதுக்கு அடுத்த ரெண்டுலயும் கிடையாது. ஒலிம்பிக்குக்கும் 2024 பாரிஸ்க்கு முயற்சி பண்ணி கிடைக்கல. ஆனா நேஷனல்ஸ் ஆடணும், அதுல வர்ற சர்டிஃபிகேட்ட வச்சு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேல பாக்கணும்னு நெனைக்கற பையனுக்கு பிஎஸ்எஃப்ஐ கதவு ரொம்ப முக்கியம், அவன் கவனமாத்தான் இருக்கணும். நாப்பது வயசுல ஆசைக்கு ஆடறவருக்கு அந்த பயமே தேவையில்ல.

கடைசியா, பேர் கொடுக்கறதுக்கு முன்னாடி மாநில சங்கத்துக்கு ஒரு மெயில் போட்டுடுங்க, போன்ல கேக்காதீங்க, போன்ல சொன்னது நாளைக்கு நிக்காது. இப்படி எழுதுனா போதும்: "இன்ன தேதியில இன்ன ஊர்ல நடக்கற இந்த போட்டியில ஆட விரும்பறேன். இதுக்கு உங்க அனுமதி உண்டா? இல்லன்னா, ஆடினா எந்த விதியோட எந்த பிரிவுப்படி என்ன நடவடிக்கைன்னு எழுத்துல தெரியப்படுத்துங்க. 10 நாளுக்குள்ள பதில் வரலன்னா ஆட்சேபணை இல்லன்னு எடுத்துக்கறேன்." அந்த கடைசி வரிய வச்சு சட்டப்படி முழுசா தப்பிக்க முடியாது, ஆனா நீங்க மறைக்கலங்கறதுக்கு தேதியோட சாட்சி ஆயிடும். கூடவே போஸ்டர், என்ட்ரி கட்டின ரசீது, பிரைஸ் மணி பிரிச்சு போட்டிருக்கற பக்கம் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க, போட்டி ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போஸ்டர மாத்தறவங்க இருக்காங்க.