ரீமாஸ்டர் ஆன பழைய ஆர்பிஜிக்கு விமர்சனம் எழுதுவது எப்படி

பகல் முழுக்க மற்றவர்களின் கணக்குப் புத்தகங்களைத் துருவிப் பார்ப்பது என் தொழில். கொழும்பு கொள்ளுப்பிட்டியில் கணக்காய்வு அலுவலகம், வெள்ளவத்தையில் வீடு, இரவில் ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகிக் கதைக்குள் போய் விளையாடுகிற வீடியோ கேம். அதுவும் முறை வைத்து அடிக்கிற வகை மட்டும்தான். நான் ஒரு கட்டளை கொடுத்து, எதிரி தன் முறைக்குக் காத்திருந்து, நடுவில் தேத்தண்ணி குடிக்க நேரம் தருகிற கேம்கள். இது தெரிந்த அலுவலகத்துத் தம்பிமாரும் எங்கள் சொந்தத்துப் பிள்ளைகளும் தாங்கள் எழுதிய விமர்சனங்களை "அக்கா, ஒருக்காப் பாருங்கோ" என்று அனுப்புவார்கள். ரீமாஸ்டர், அதாவது பழைய கேமைத் துலக்கித் திரும்ப வெளியிட்டது என்றால், விமர்சனம் எல்லாம் ஒரே அச்சு: சின்ன வயது ஞாபகம் வந்தது, கிராபிக்ஸ் பளிச்சென்று இருக்கிறது, பத்துக்கு ஒன்பது. ஆதாரம் எங்கே? இப்படி ஒரு அறிக்கையில் நான் கையொப்பம் வைக்கமாட்டேன்.

முதலில் கையில் இருப்பது என்ன சாமான் என்று தீர்மானியுங்கள். 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7ஐயும் 2020இல் வந்த அதன் ரீமேக்கையும் பக்கத்தில் வைத்தால், சண்டை முறையே வேறு. அது புதுக் கேம். அதற்கு இந்தக் குறிப்புகள் உதவாது. 2024இன் ட்ரகன் குவெஸ்ட் 3 முறை வைத்து அடிப்பதுதான் என்றாலும் அடித்தளத்திலிருந்து திரும்பக் கட்டப்பட்டது. ரீமாஸ்டரில் பழைய எலும்புக்கூடு அப்படியே இருக்கும்: அதே வரைபடம், அதே எதிரி, அதே வசனம் அல்லது கொஞ்சம் திருத்திய வசனம். அதனால் உங்களிடம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எதிர்பார்க்கப்படுகிறது. பழைய கேம் இன்று நிற்குமா? அதன் மேல் செய்த வேலை ஒழுங்கானதா? இரண்டையும் ஒரே புள்ளிக்குள் கலந்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். சுய்கோடென் 2 எனக்கு மிகப் பிடித்த கேம்களில் ஒன்று. அதற்காக 2025 மார்ச்சில் வந்த ரீமாஸ்டருக்கு நான் புள்ளியைக் கடனாகக் கொடுக்க முடியாது. அந்தப் புள்ளி 1998இல் உழைத்தவர்களுக்கு உரியது.

தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. நான் இன்றும் பேனாவால்தான் எழுதுகிறேன்.

இடப்பக்கத்தை ஞாபகத்திலிருந்து நிரப்ப வேண்டாம். இது நம் ஊரில் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம். பிளேஸ்டேஷன் காலத்தில் நம்மில் பெரும்பாலானோர் விளையாடியது கொப்பி இறுவட்டில். அது எந்த நாட்டுப் பதிப்பு என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இடம் மிச்சம் பிடிக்க வீடியோக் காட்சிகளை வெட்டிய கொப்பிகளும் புழங்கின. "இந்தக் காட்சியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். அது முதலே இருந்த காட்சி. இதைவிடப் பெரிய சிக்கல் வேகம். ஐரோப்பா போன்ற இடங்களின் பால் (PAL) டிவி முறைக்கு வந்த பதிப்புகள் நொடிக்கு 50 தடவை படம் மாற்றும்; ஜப்பான், அமெரிக்கப் பதிப்புகள் 60 தடவை. சரியாக மாற்றியமைக்காத பால் பதிப்பு ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடும். ஃபைனல் ஃபேன்டசி 9இல் எக்ஸ்காலிபர் 2 வாளை எடுக்க வேண்டுமென்றால் 12 மணித்தியாலத்துக்குள் கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும். கேம் மெதுவாக ஓடினாலும் கடிகாரம் மெதுவாகாது. அதனால் பால் பதிப்பில் அந்த வாள் கிட்டத்தட்டக் கானல் நீர். இந்தப் பின்னணியோடு வந்தவர் ரீமாஸ்டரைப் பார்த்து "வேகமாக்கியிருக்கிறார்கள்" என்று எழுதினால், அவர் 60ஐ முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

ஆகவே பழையதைத் தேடி எடுத்து, முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம் மட்டுமாவது விளையாடுங்கள். பழைய கருவி வைத்திருக்கிற நண்பர் ஒருவர் எந்த வட்டாரத்திலும் இருப்பார். கிடைக்காவிட்டால் அசல் கருவியில் பதிவான நீண்ட வீடியோ ஒன்றைப் பாருங்கள். பார்த்த அடுத்த நாளே புதியதைத் தொடங்குங்கள், இடைவெளி விட வேண்டாம்.

இனி சண்டை. முறை வைத்து அடிக்கிற கேமில் உங்கள் நேரம் எல்லாம் இங்கேதான் போகிறது. ஆனால் நான் பார்க்கும் விமர்சனங்களில் இதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிசயம். போனில் ஸ்டொப் வொச்சைத் திறந்து வையுங்கள். திரை சுழன்று சண்டை தொடங்குகிற கணத்திலிருந்து முதல் கட்டளை கொடுக்க முடிகிற கணம் வரை எத்தனை வினாடி? கடைசி எதிரி விழுந்ததிலிருந்து திரும்பவும் நடக்க முடிகிற வரை எத்தனை? பத்துச் சாதாரணச் சண்டைகளை அளந்து சராசரி எடுங்கள். பொஸ், அதாவது பகுதியின் பெரிய எதிரியோடு நடக்கிற சண்டை வேண்டாம். ஃபைனல் ஃபேன்டசி 9இன் பிளேஸ்டேஷன் பதிப்பில் கட்டளை வருவதற்கு முன் கமரா சண்டைக்களத்தை ஆற அமரச் சுற்றிக் காட்டும். அழகுதான், ஆனால் ஒவ்வொரு தடவையுமா? சண்டைக்கு எட்டு வினாடி மிச்சம் என்றால் அறுநூறு சண்டையில் எண்பது நிமிடம். "சண்டை விறுவிறுப்பாகிவிட்டது" என்ற வரியைவிட இந்த எண் வாசகருக்குப் பிரயோசனம். இன்னொரு அளவு: சண்டைக்கு வெளியே, குழுவில் எல்லாருக்கும் காயம் ஆற்ற எத்தனை தடவை பட்டன் அமர்த்த வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். மெனு திருந்தியதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிரேம், அதாவது நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்ற கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஷின் மெகாமி டென்ஸெய் 3 நொக்டேர்னின் ரீமாஸ்டர் நொடிக்கு 30 பிரேமோடு நின்றுவிட்டது என்று பலர் கொதித்தார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. எதிரியின் பலவீனத்தில் அடித்தால் கூடுதல் முறை, அடி தவறினால் இரண்டு முறை போச்சு, எதிரி அடியைத் திருப்பிவிட்டால் எல்லா முறையும் போச்சு: அந்தக் கேமின் உயிர் இந்தக் கணக்கில் இருக்கிறது, 30க்கும் 60க்கும் இடையில் இல்லை. ஆனால் அதே ரீமாஸ்டரில் சில வீடியோக் காட்சிகள் பழைய சதுரச் சட்டத்திலேயே மங்கலாக வருவது சோம்பேறித்தனம். அதை எழுதத்தான் வேண்டும். குரோனோ குரோஸின் ரீமாஸ்டர் வேறு கதை. 2022 ஏப்ரலில் வந்தபோது சண்டையில் பிரேம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நிலையான 30க்குக் கண் பழகிவிடும். ஏறி இறங்குவதற்குப் பழகாது.

இப்போது உதவி வசதிகள். இங்கேதான் நல்ல விமர்சனமும் சப்பை விமர்சனமும் பிரிகின்றன. இன்றைய ரீமாஸ்டர் எதை எடுத்தாலும் வேகப்படுத்தல், எதிரி வராமல் நிறுத்தல், அனுபவப் புள்ளியைப் பெருக்குதல் என்று ஏதாவது இருக்கும். "வசதிகள் நிறைய" என்று பட்டியல் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு வசதியும் அந்தக் குறிப்பிட்ட கேமின் கணக்கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஃபைனல் ஃபேன்டசி 8ஐ எடுங்கள். அசல் 1999, ரீமாஸ்டர் 2019. மூன்று மடங்கு வேகமும் எதிரியை நிறுத்தும் பட்டனும் உண்டு. எதிரியை நிறுத்தினால் பலவீனமாகி மாட்டிக்கொள்வோம் என்று நினைப்பீர்கள். இந்தக் கேமில் அப்படி இல்லை. உங்கள் மட்டம் ஏற எதிரியின் மட்டமும் ஏறும். சண்டையைத் தவிர்த்தால் எதிரியும் சின்னவனாகவே இருப்பான். பணம் எதிரியிடமிருந்து வருவதில்லை, சம்பளமாக வருகிறது. பலம், மந்திரத்தைச் சேகரித்து உடலோடு இணைப்பதிலும் சீட்டு விளையாடி வென்றதைப் பொருளாக மாற்றுவதிலும் இருக்கிறது. அதாவது அந்தப் பட்டன் இந்தக் கேமைக் கெடுக்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் 1999இலேயே சண்டையைத் தவிர்த்து ஓடித்தான் விளையாடினார்கள். அதே பட்டனை ஃபைனல் ஃபேன்டசி 1இன் பிக்சல் ரீமாஸ்டரில் (முதல் ஆறு ஃபைனல் ஃபேன்டசிகளுக்கும் வந்த ரீமாஸ்டர் வரிசை) அமர்த்திப் பாருங்கள். அங்கே காசும் அனுபவமும் சண்டையிலிருந்துதான். நிறுத்திவிட்டு நடந்தால் அடுத்த பொஸ்ஸிடம் வெறுங்கையோடு நிற்பீர்கள். அதைச் சரிக்கட்ட அனுபவப் புள்ளியை நான்கு மடங்காக்கலாம் என்பார்கள், அப்போது குகைக்குள் எவ்வளவு தூரம் போய் எப்போது திரும்புவது என்ற அந்தக் கேமின் ஒரே பெரிய கேள்வி காணாமல் போய்விடும். பட்டன் ஒன்று, விளைவு இரண்டு. இதை எழுதுகிறவர்தான் விமர்சகர்.

சுய்கோடென் 2இல் கிளைவ் என்பவரின் கிளைக்கதை கேம் கடிகாரத்தோடு கட்டப்பட்டது, நேரம் பிந்தினால் முடிக்க முடியாது. சண்டை இரட்டை வேகத்தில் ஓடினால் அந்த நெருக்கடி தளரும். நல்லதா கெட்டதா என்பது உங்கள் தீர்ப்பு. எனக்கு நல்லது, 108 பேரைத் தேடிச் சேர்க்கிற கேமில் மனிதருக்கு இரவு நித்திரையும் வேண்டுமே.

தானாகச் சேவ் ஆவதைத் தனியாகச் சோதியுங்கள். சண்டைக்கு நடுவில், குகைக்கு நடுவில், ஊருக்குள் என்று வேண்டுமென்றே கேமை மூடிவிட்டு, எங்கே திரும்பி வருகிறீர்கள் என்று குறியுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. வெளிநாட்டு விமர்சகருக்கு இது ஒரு வரி, நமக்கு ஒரு பந்தி.

படத்தைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பிளேஸ்டேஷன் காலத்துப் பின்னணிகள் பெரும்பாலும் முன்பே வரைந்து முடித்த படங்கள், அன்றைய டிவிக்கு ஏற்ற சிறிய அளவில். பாத்திரத்தை மட்டும் புதிதாகச் செதுக்கிவிட்டுப் பின்னணியை அப்படியே விட்டால், ஃபைனல் ஃபேன்டசி 8இல் நடந்ததுபோல, கூர்மையான ஆள் மங்கலான சுவருக்கு முன்னால் ஒட்டிவைத்ததுபோல நிற்பார். முகத்தைப் பார்க்காமல் கால் தரையில் படுகிற இடத்தைப் பாருங்கள். புள்ளிப் படக் (பிக்சல்) கேம்களில் எழுத்துருவை முதலில் பாருங்கள். பிக்சல் ரீமாஸ்டர்கள் 2021இல் கணினிக்கு வந்தபோது ஒடுக்கமான, உயிரில்லாத எழுத்துருவுக்குத்தான் அதிகம் ஏச்சு வாங்கின. 2023இல் கொன்சோலுக்கு வந்தபோது பழைய பாணி எழுத்துருவும் அசல் இசையும் தெரிவாகச் சேர்ந்தன.

இசைக்கு ஹெட்போன் கட்டாயம். காலி வீதிப் பக்கம் ஜன்னல் வைத்த அறையில் ஸ்பீக்கரில் கேட்டு எழுதிய தீர்ப்பு எனக்கு வேண்டாம். சூப்பர் நின்டெண்டோ என்ற பழைய கேம் கருவியின் ஒலிச் சில்லுக்கு இருந்த நினைவகம் 64 கிலோபைட். அதற்குள் ஒரு வாத்தியக் குழுவை அடைக்கப் பட்ட பாடு அந்த மெட்டுகளில் கேட்கும். மெட்டு தடித்தும் தெளிவாகவும் இருக்கும். உண்மை வாத்தியங்களோடு திரும்ப வாசித்தால் சில மெட்டு மலரும், சில கரைந்துவிடும். ஃபைனல் ஃபேன்டசி 6இன் ஒபெரா காட்சிக்குப் பிக்சல் ரீமாஸ்டரில் உண்மைக் குரல் வந்தது எனக்குப் பிடித்தது. சண்டை இசைக்கு நான் பழையதையே போட்டுக்கொள்வேன். மெட்டு முடிந்து திரும்பத் தொடங்கும் இடத்தில் வெட்டுக் கேட்கிறதா என்றும் கவனியுங்கள்.

எதைச் சேர்த்தார்கள் என்பதோடு எதை விட்டார்கள் என்றும் தேட வேண்டும், ஏனென்றால் விளம்பரத்தில் அது வராது. 2025 செப்டெம்பரில் வந்த ஃபைனல் ஃபேன்டசி டக்டிக்ஸின் புதுப் பதிப்பு இதற்கு நல்ல பாடம். பழைய நிரல் கையில் இல்லாமல் திரும்பக் கட்டினார்கள். முழுக் குரல் பதிவு, மூன்று கடின மட்டங்கள், கூடவே பழைய சாயலில் ஒரு தனிப் பதிப்பு. ஆனால் 2007இல் பிஎஸ்பி என்ற கைக்கருவிக்கு வந்த பதிப்பில் சேர்ந்திருந்த கூடுதல் பாத்திரங்களும் தொழில்களும் இதில் இல்லை. பிஎஸ்பியில் விளையாடிவிட்டு வருகிறவருக்கு அது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். என் கணிப்பில் அந்த இழப்பு பெரிதல்ல, குரல்கள் அதை ஈடுசெய்கின்றன. ஆனாலும் மறைக்கக்கூடாது.

கதையைச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு மணித்தியாலத்தில் வருவதைத் தாண்டி ஒரு பெயரும் வேண்டாம். பழைய கேம்தானே, எல்லாருக்கும் தெரியுமே என்று நினைப்பதுதான் ஆபத்து. ரீமாஸ்டர் வெளியிடுவதே தெரியாதவர்களுக்காக. 2005இல் பிறந்த பிள்ளைக்கு சுய்கோடென் நேற்று வந்த கேம்.

விலையை ரூபாவில் எழுதுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் நமக்கு டொலரில் காட்டும். 50 டொலர் என்றால் டொலர் 300 ரூபா என்ற கணக்கில் 15,000. அட்டைக்கு வங்கி அறவிடுவதும் மேலே. அசல் பதிப்பு வேறு இடத்தில் மலிவாக விற்பனையில் இருந்தால் அதையும் சொல்லி, கூடுதல் காசுக்கு வாசகருக்கு என்ன கிடைக்கிறது என்று உங்கள் தாளின் வலப்பக்கத்திலிருந்து எடுத்துக் காட்டுங்கள்.

புள்ளி போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு போடுங்கள், கேமுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. சராசரி எடுக்க வேண்டாம்.

கடைசியாக, விமர்சனத்தின் தலையில் எந்தக் கருவியில், எந்தப் பதிப்பு எண்ணில், எந்தத் திகதியில் விளையாடினீர்கள் என்று எழுதுங்கள். குரோனோ குரோஸின் பிரேம் பிரச்சினையை 2023 பெப்ரவரியில் வந்த திருத்தம் பெரிதும் சரிக்கட்டியது. திகதி இல்லாத பழைய விமர்சனத்தை இன்று வாசிக்கிறவர் இல்லாத பிரச்சினைக்குப் பயந்து ஒதுங்குவார். திருத்தம் வந்தால் பழைய வரியை அழிக்காமல், அதன் கீழே புதுத் திகதியோடு ஒரு வரி சேர்த்து, அதே பத்துச் சண்டைகளைத் திரும்ப அளந்து புது எண்ணைப் பக்கத்தில் போடுங்கள்.