சூடான பானட்டும் நான்கு பாட்டில்களும்

சேலத்தில் பழைய டீசல் கார் ஒன்றைப் பார்க்கப் போனேன். 1.3 லிட்டர், மீட்டரில் 92,000 கி.மீ. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் பானட்டைத் தொட்டால் சூடு! முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள்; சூடான இன்ஜினில் ஸ்டார்ட்டிங் கோளாறு வெளியே தெரியாது. "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வரேன், அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் செல்ஃப் நீளமாக இழுத்த பிறகுதான் பிடித்தது. ஐடிலில் குலுக்கல், கொஞ்சம் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்து, துவாரத்தின் மேலேயே கவிழ்த்து வைத்தேன். இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் காற்று குபுகுபுவென்று வந்து மூடியைத் தள்ளிவிடும். இங்கே லேசாக ஆடியது, அவ்வளவுதான். ஆயில் கறுப்பாக இருந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. டீசலில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும்.

அப்புறம் என் மெக்கானிக் நான்கு இன்ஜெக்டர்களின் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகங்கள்) ரிட்டர்ன் குழாய்களையும், அதாவது மிச்ச டீசல் திரும்பிப் போகும் குழாய்களையும், தனித்தனி பாட்டிலில் விட்டு, இன்ஜினை ஓடவிட்டார். மூன்று பாட்டில்களில் விரல்கடை அளவுதான் டீசல். மூன்றாவது இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. அது உள்ளே தேய்ந்து டீசலைக் கசியவிடுகிறது என்று அர்த்தம். விற்பவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பேரம் பேச வேறு வார்த்தை தேவைப்படவில்லை, விலையில் 25,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.

அந்த ஒரு இன்ஜெக்டரை மட்டும் கழற்றிக் கொடுத்து, நாசிலும் வால்வும் மாற்றினோம். டீசல் ஃபில்டரும் புதிது. இப்போது மார்கழிக் காலையிலும் உடனே பிடிக்கிறது.