ஒரே பெயர், இரண்டு மனைவிகள், இடிக்கும் உறவு

பினாங்கில் இருக்கும் உறவினர் ஒருவர் ஆங்கில மென்பொருளில் எங்கள் நகரத்தார் குடும்பத்தின் வம்சாவளியைப் போட்டு அனுப்பியிருந்தார். அங்கே இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் எனக்கு ‘செகண்ட் கசின்’, அதாவது தம்பி முறை. எனக்கோ அறுபதைத் தாண்டிவிட்டது.

முதலில் நகரக் கோயிலை, அதாவது நகரத்தாரைக் குலவாரியாகப் பிரிக்கும் கோயிலைப் பார்த்தேன். கோயிலும் பிரிவும் ஒன்றுதான். பங்காளி என்பது உறுதியாயிற்று, எத்தனையாவது தலைமுறை என்பது தெரியவில்லை. விலாசத்தின், அதாவது பெயருக்கு முன்னால் போடும் முன்னோர் பெயர்களின், முதலெழுத்துகளை வைத்துப் பிரிக்கப் பார்த்தேன். பேரனுக்கு ஐயா (தாத்தா) பெயரை வைக்கும் ஊரில் அது நடக்கிற காரியமா? அதே எழுத்துகள்தாம் சுற்றிச் சுற்றி வந்தன.

பிறகுதான் பாட்டையாவின் (ஐயாவின் அப்பா) மூத்த மகனுக்கு இரண்டு மனைவிகள் இருப்பது கண்ணில் பட்டது. இரண்டாம் தாரம் என்று எல்லோரும் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள். பெட்டகத்தில் கிடந்த இசைகுடிமானங்களை, அதாவது திருமண ஒப்பந்த ஓலைகளை எடுத்தேன். கண்டனூர் ஆச்சியைக் கட்டியது 1912இல், நாட்டரசன்கோட்டை ஆச்சியைக் கட்டியது 1965இல். இரண்டாவது மாப்பிள்ளை முதலாமவரின் பேரன்! பெயர் ஒன்றாக இருந்ததால் மென்பொருளில் இருவரும் ஒருவராகி, நடுவில் இரண்டு தலைமுறை காணாமல் போயிருந்தது.

ஆளைப் பிரித்துப் போட்டதும் கணக்கு நேரானது. பாட்டையாவிலிருந்து நான் மூன்றாம் படி, பையன் ஐந்தாம் படி. சிறிய எண்ணில் ஒன்றைக் கழித்தால் இரண்டு, அது ‘செகண்ட் கசின்’. படி வித்தியாசமும் இரண்டு, எனவே ‘ட்வைஸ் ரிமூவ்ட்’, அதாவது இரண்டு தலைமுறை தள்ளி. நம் வழக்கில் பேரன் முறை. இப்போது மற்ற கிளைகளிலும் ஆச்சிமார் பெயரையும் பிறந்த ஊரையும் வைத்தே ஆள்களைப் பிரித்து வருகிறேன்.